பீலிக்கு முழுப்பேர்

ஜீவராணிக்கு அந்த வேலை கிடைத்தது அவளுடைய கையெழுத்தால்தான். பாறைக்காட்டுத் தேயிலைத் தோட்ட டிவிசனில் பத்தாம் வகுப்பைத் தொட்ட பெண்கள் நாலு பேர். நாலு பேரையும் காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, ஒன்றிலிருந்து நூறுவரை எழுதச் சொன்னார் கொழும்பிலிருந்து வந்த ஐயா. மற்ற மூன்று பேரும் எழுதியதில் ஒன்று எது, ஏழு எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஜீவராணியின் எண்களோ அச்சடித்த மாதிரி நின்றன. அந்த அழகான எண்கள் ஒரு லயத்தையே, தொழிலாளர் வீட்டு வரிசை முழுவதையுமே, காயப்போடும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

அது தொண்ணூற்றெட்டாம் வருடம். றக்வானையில் பஸ் ஏறி, வயிற்றைப் புரட்டும் வளைவுகளையெல்லாம் தாண்டி, இதற்கு மேல் முடியாது என்று பஸ்ஸே திரும்பிவிடுகிற இடத்திலிருந்து ஒரு மணிநேரம் நடந்தால் பாறைக்காடு. வந்த ஐயாவின் பெயர் சரவணமுத்து. யாழ்ப்பாணத்தார். மலைக்குள் இருக்கும் தண்ணீரை ஆராய்கிற உத்தியோகம் அவருக்கு. மழை பெய்கிற விதம் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டு வருகிறதாம். அதனால் மலை ஊற்றுகளுக்கு என்ன ஆகும் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அதற்காக இரத்தினபுரிப் பக்கத்து மலைகளில் இருபத்திரண்டு ஊற்றுகளைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். அதில் ஒன்று பாறைக்காட்டுப் பீலி.

பீலி என்பது பெரிய விசயம் ஒன்றுமில்லை. பாறைக்குள்ளிருந்து ஊறி வருகிற தண்ணீரை ஒரு தகரக் குழாய் வழியாக வெளியே நீட்டிவிட்ட இடம். ஆனால் லயத்தின் இருபத்தெட்டுக் குடும்பத்துக்கும் அது ஒன்றுதான். குடிக்க, குளிக்க, துவைக்க, சாமிக்குக் குடம் எடுக்க, ஒருத்தியை ஒருத்தி திட்டித் தீர்க்க எல்லாவற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். அதை விட்டால் அடுத்த தண்ணீர் கீழே ஓடையில் இருந்தது. முந்நூறு படி இறங்க வேண்டும். படி என்று பெயர்தான், பாசி பிடித்த கற்கள். அந்த ஓடையில் தேயிலைக்கு அடிக்கிற மருந்தும் வரும், மேல் லயத்துக் கக்கூசுத் தண்ணீரும் வரும்.

ஜீவராணி கல்யாணமாகி வந்த வருடம் பீலிக் குழாய் உடைந்து, ஒரு வாரம் ஓடைக்குப் போக வேண்டி வந்தது. ஐந்து மாத வயிறும் இடுப்பில் குடமுமாக ஏறியவள் பாதி வழியில் வழுக்கி விழுந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே தங்கவில்லை. புருசன் ராமச்சந்திரன் நல்லவன், ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. ஆனாலும் பீலித் தண்ணீர் ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வேலை சுலபமானது. காலை ஆறு மணிக்கு, யாரும் குடத்தை வைப்பதற்கு முன்னால், இருபது லீட்டர் வாளியைப் பீலிக்குக் கீழே வைத்து, விநாடிக் கடிகாரத்தை அமுக்க வேண்டும். உள்ளே கீறிய கோடுவரை நிறைய எத்தனை விநாடி என்று மூன்று தரம் பிடித்துக் கொப்பியில் எழுத வேண்டும். பக்கத்தில் நட்டிருந்த மழைமானியில் விழுந்த தண்ணீரையும் அளந்து எழுத வேண்டும். அதற்குப் பிறகு மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கலாம். பிந்திப் போனாலும், கொழுந்து குறைந்தாலும் அவளுக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி, போடுவதற்குத் தோட்டத்து மனேஜர் பெரியதுரை சம்மதித்திருந்தார். முதல் நாள் வாளி நிறைய இருபத்தாறு விநாடி எடுத்தது. சரவணமுத்து பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

"ஐயா, இத எதுக்குங்க அளக்குறோம்?" என்று அவள் கேட்டாள்.

"அது உங்களுக்குத் தேவையில்லை, பிள்ளை. அளக்கிற ஆளுக்கு எதுக்காக அளக்கிறம் எண்டு தெரிஞ்சால் கை அந்தப் பக்கம் சாயும். நீங்கள் கண்டதை எழுதுங்கோ, அவ்வளவு போதும்."

படித்த மனிதர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். சொல்லாமல் விட்டாலும் கை சாயும் என்பதை மட்டும் அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அவர் சொல்லாமல் விட்டதை லயம் தானாகவே சொல்லிக்கொண்டது. கொழும்பிலிருந்து ஒருவர் மெனக்கெட்டு வந்து தண்ணீரை அளக்கிறார் என்றால் சும்மாவா? வீட்டுக்கு வீடு, காம்பராவுக்கு ஒரு பைப் வரப்போகிறது. இருபத்திரண்டு இடத்தில் எந்த ஊற்று நல்ல ஊற்றோ அங்கேதான் திட்டம். இதை யார் முதலில் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் அடுத்த வீட்டைக் கைகாட்டுவார்கள். இரண்டு மாதத்தில் பைப்பை எந்த மூலையில் வைப்பது என்பதிலேயே இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டது.

அடுத்த வருடம் மாசி மாதம் வெயில் கொளுத்தியது. வாளி நிறைய நாற்பத்தொரு விநாடி எடுத்தது. மாதக் கடைசியில் வந்த சரவணமுத்து கொப்பியைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார். முகம் சுருங்கியது.

"நாப்பத்தொண்டோ? இப்பிடியே இறங்கினால் இந்த ஊற்றை நம்பி ஒண்டும் செய்யேலாது" என்றார், தனக்குத்தானே.

ஜீவராணிக்குக் கேட்டது. அன்றைக்கு மத்தியானம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையில் நின்றபோதும் அதுவே காதில் நின்றது.

மடுவத்தில் நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவள் செய்த காரியம் விளங்கும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பதினாறு கிலோக் கொழுந்து இருந்தால் முழுப்பேர். பதினைந்தேமுக்கால் இருந்தால் அரைப்பேர். காலையிலிருந்து மழையிலும் அட்டையிலும் நின்றது தராசுக்குத் தெரியாது. ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கணக்கப்பிள்ளை கழித்துக்கொண்டுதான் முள்ளையே பார்ப்பார். அதனால் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய சாக்காவது இளைத்துத் தெரிந்தால், முன்னும் பின்னும் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அதில் போட்டுவிடுவார்கள். கேட்க வேண்டியதில்லை, நன்றி சொல்ல வேண்டியதில்லை. பகைக்காரியாக இருந்தாலும் போடுவாள். ஒருத்தியை அரைப்பேரோடு வீட்டுக்கு அனுப்புவது அந்த லயத்தில் பாவம்.

அன்றைக்கு இளைத்த சாக்கு கருப்பாயியுடையது. ஜீவராணியின் பக்கத்து நிரைக்காரி, அடுத்த காம்பராக்காரி. இரண்டு வயது மூத்தவள், நாக்கு மட்டும் இருபது வயது மூத்தது. ஜீவராணி ஒரு பிடி போட்டாள். பின்னால் நின்ற மூன்று பேரும் போட்டார்கள். முள் பதினாறைத் தொட்டது. கருப்பாயி சாக்கை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னாடி ஜீவா, மூஞ்சி ஓடையில விழுந்த மாதிரி இருக்கு?"

"அந்த ஐயா நம்ம பீலி கொறைஞ்சி போச்சின்னு சொல்றாருக்கா. இத நம்பி ஒன்னும் செய்ய முடியாதாம்."

"அப்ப பைப்பு?"

"வராது போல."

கருப்பாயி கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசித்தது அவ்வளவு நேரம்தான். "அப்ப பீலி அரைப்பேர் வாங்குது. அதுக்கு ஏன்டி அழுவுற? ஒரு பிடி போட்டு விடு."

"எதுல போடுறது?"

"கொப்பியிலதான். ஒம் பென்சிலு தானே? எனக்கு நீ போடல? அந்தப் பீலி நமக்கு எத்தன வருசம் ஊத்தியிருக்கு. அதுக்கு ஒரு பிடி போட்டா கையி வெந்துருமா?"

ஜீவராணி சிரித்துவிட்டாள். மறுநாள் வாளி நிறைய நாற்பத்துமூன்று விநாடி. அவள் முப்பத்தாறு என்று எழுதினாள். திருட்டுத்தனம் செய்கிற படபடப்பு இருக்கவில்லை. யாரோ ஒருத்தியின் சாக்கு நிறைந்த நிம்மதிதான் இருந்தது. ஆனாலும் அவள் கணக்குச் சுத்தமானவள். உண்மையான விநாடியை வீட்டில் தொங்கிய நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஒரு பிடி இரண்டு பிடி ஆனது. பிறகு அள்ளிப் போட வேண்டி வந்தது. மழை பெய்யாமலும் இல்லை. முன்பு மூன்று நாள் தூறித் தூறி மண்ணுக்குள் இறங்கியது இப்போது இரண்டு மணிநேரத்தில் கொட்டிவிட்டு, மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போனது. மலை குடிப்பதற்குள் தண்ணீர் போய்விட்டது. இரண்டாயிரமாம் வருடம் மாசியில் வாளி நிறைய எழுபத்திரண்டு விநாடி எடுத்தது. குடங்கள் விடிய முன்னமே வரிசை கட்டின. கொப்பியில் முப்பத்துமூன்று.

சரவணமுத்து ஒரு தரமாவது காலை ஆறு மணிக்கு வந்து நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரால் முடியாது. யுத்த காலம் அது; யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு தோட்டத்தில் ஒரு இரவு தங்கினால் பெரியதுரை பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். ஒரு தரம் பலாங்கொடையில் தங்கப்போய், எட்டு மணிநேரம் வாங்கில் உட்கார வைத்து, தண்ணீரை எதற்கு அளக்கிறாய், எந்தக் குளத்தில் நஞ்சு போடப் போகிறாய் என்று கேட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் பதினொரு மணிக்கு வந்து மூன்று மணிக்கு முன் இறங்கிவிடுவார். அந்த நேரத்தில் பீலியைச் சுற்றித் துணி துவைப்பவர்களும் குளிப்பவர்களும் நிற்பார்கள். ஆம்பிளை அந்தப் பக்கம் போக முடியாது. ஒரே ஒரு தடவை மத்தியானம் அவரே வாளியைப் பிடித்துப் பார்த்தார். அது அடைமழை விட்ட மறுநாள். முப்பது வந்தது. அதோடு அவருக்குக் கொப்பி வேதமாகிவிட்டது.

"இருபத்தொரு ஊற்றும் விழுந்து போச்சு, பிள்ளை. இது மட்டும் அசையேல்லை!" அவருக்குக் கண் பளபளத்தது. "உள்ளுக்கை ஆழமான பாறை வெடிப்பு இருக்கவேணும். பழைய தண்ணி நிக்குது. இதை நான் வெளிநாட்டுக் கூட்டத்திலை வாசிக்கப் போறன்."

"அப்ப நம்ம பீலி பாஸுங்களா, ஐயா?"

"பாஸோ? முதலாம் பிள்ளை!"

அன்றைக்குச் சாயங்காலம் லயத்தில் பாயாசம் காய்ச்சினார்கள். கருப்பாயி முதல் குவளையைப் பீலிக்குக் கீழே ஊற்றினாள்.

அந்த வருடக் கடைசியில் இரண்டு ஜீப் வந்தது. பைப் போட ஆள் வந்துவிட்டது என்று லயமே திரண்டு போய்ப் பார்த்தது. வந்தவர்கள் பீலியின் வாயை உடைத்து, சுற்றிக் கொங்கிரீட் பெட்டி ஒன்று கட்டத் தொடங்கினார்கள். இரும்பு மூடி, பூட்டு. பெட்டிக்கு இரண்டு துளை. கீழ்த் துளையிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் குழாய் மலையை விட்டு இறங்கி, ரோட்டோரத்தில் புதிதாகக் கட்டிய தண்ணீர்ப் போத்தல் ஆலைக்குப் போனது. மேல் துளைக்கு ஒரு சின்னக் குழாயைச் செருகி, லயத்துப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

மேசன்மார் சொன்னதைக் கேட்டபோதுதான் ஜீவராணிக்கு விளங்கத் தொடங்கியது. கொப்பியில் உள்ள முப்பத்துமூன்று விநாடிக் கணக்குப்படி ஊற்றில் நிமிசத்துக்கு முப்பத்தாறு லீட்டர் வருகிறது. ஆலைக்கு இருபது என்று தோட்டக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. இருபது போக மிச்சம் மேலே வழியும். வழிவது லயத்துக்கு. பதினாறு லீட்டர் இருபத்தெட்டுக் குடும்பத்துக்குத் தாராளம். கணக்கு அப்படி.

அன்று காலை வாளி நிறைய அறுபத்தெட்டு விநாடி எடுத்திருந்தது. பதினெட்டு லீட்டர்கூட இல்லை. இருபது லீட்டர் போகிற குழாய்க்குப் பதினெட்டு வந்தால் மேலே என்ன வழியும்? ஒரு சொட்டு வழியாது.

அடுத்த முறை சரவணமுத்து வந்தபோது அவரை மழைமானிப் பக்கம் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அழுதுகொண்டே நாட்காட்டித் தாள்களைக் கொடுத்தாள். கிட்டத்தட்ட இரண்டு வருடத்து உண்மை, நூலால் கட்டி, மடிப்புக் கலையாமல் இருந்தது. கருப்பாயியின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

அவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை?" என்றார். "ஏன்?"

"கொறைஞ்சா பைப்பு வராதுன்னு நெனச்சோங்க."

"பைப்போ? ஆர் பைப் எண்டு சொன்னது?" அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். "குறையிற ஊற்றுகளைக் காப்பாத்தத்தானே இவ்வளவும். குறையுது எண்டு நிரூபிச்சால் அந்த ஊற்றிலை ஒருத்தரும் கை வைக்கேலாது. மேலை காடு வெட்டேலாது. இருக்கிற சனத்துக்கு மட்டும் தண்ணி. இருபத்தொரு ஊற்றுக்கு அப்பிடி எழுதியாச்சு. உங்கடையை மட்டும் மிச்சத் தண்ணி உள்ள ஊற்று எண்டு நான்தான் எழுதிக் குடுத்தனான்."

ஜீவராணி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் கையாலேயே தன் லயத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டிருந்தாள். சும்மா கண்டதை எழுதியிருந்தால் போதும். எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலே பீலி பிழைத்திருக்கும்.

"இப்ப மாத்தி எழுதலாங்களா, ஐயா? எனக்கு என்னா தண்டன குடுத்தாலும் பரவாயில்லிங்க."

அவர் தாள்களைப் பைக்குள் வைத்தார். "நான் பாக்கிறன், பிள்ளை. நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றார். ஜீவராணி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

ஆறு வாரம் போனது. பெட்டி கட்டி முடிந்தது. தை மாதம் ஆலையைத் திறந்தார்கள். வாழைமரம் கட்டி, பிக்குவை வைத்துப் பிரித் ஓதி, பால் பொங்க வைத்தார்கள். லயத்துப் பெண்களுக்கும் ஆளுக்கொரு சின்னப் போத்தல் தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களுடைய பீலித் தண்ணீரேதான். மூடிக்கு மேல் முத்திரை ஒட்டியிருந்தது.

மாசி பத்தாம் தேதி ஆலை முழு இருபது லீட்டரையும் இழுக்கத் தொடங்க, லயத்துக் குழாய் நின்றது. மூன்றாம் நாள் வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் பிரட்டுக்களத்தில் கூடினார்கள். பெரியதுரை வந்தார். கூடவே சரவணமுத்துவும் வந்தார். அவரைக் கண்டதும் ஜீவராணிக்கு உயிர் வந்தது. தாள்களைக் கொண்டுவந்திருப்பார் என்று அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரை கொண்டுவந்திருந்தது அவளுடைய கொப்பியை. சிங்களத்தில் சத்தமாக வாசித்தார்: போன வருடம் மாசி முப்பத்துமூன்று, பங்குனி முப்பத்துநாலு, சித்திரை முப்பத்திரண்டு. "மேக்க கவுத லிவ்வே?" இதை எழுதியது யார் என்று கேட்டார்.

"நாந்தாங்க தொரை."

"நாங்க எழுதல்ல. உங்க ஆளே எழுதினது" என்று துரை கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இது பொய்யா? பொய்னா சொல்லு. பொய் எழுதின ஆளுக்கு வேலையும் இல்ல, காம்பராவும் இல்ல. புருசனுக்கும் இல்ல."

ஜீவராணி சரவணமுத்துவைப் பார்த்தாள். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராமச்சந்திரன் அவள் முழங்கையைப் பிடித்திருந்தான். கூட்டத்தில் கருப்பாயி இருந்தாள். லயத்தில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் ஜீவராணியை நேராகப் பார்த்து, தலையை மெல்ல இல்லை என்று ஆட்டினாள்.

"பொய் இல்லிங்க தொரை" என்றாள் ஜீவராணி. "கண்டதத்தான் எழுதினேன்."

"அப்ப தண்ணி இருக்கு. நீங்கதான் குழாய உடைக்கிறது" என்று துரை முடித்துவிட்டார். பெட்டிக்கு ஒரு காவல்காரனையும் போட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு சரவணமுத்து அவளைத் தேடி வந்தார். பத்து வயது கூடின மாதிரி இருந்தார்.

"அந்தத் தாள்களை எரிச்சுப்போட்டன்" என்றார். "என்ரை கட்டுரை அச்சாகிட்டுது. அதைக் காட்டித்தான் நோர்வேயிலை ஒரு இடம் தந்திருக்கிறாங்கள். ரெண்டு குமர்ப்பிள்ளையளோடை கொழும்பிலை, வெள்ளவத்தையிலை ஒரு அறையிலை இருக்கிறன். பொலிஸ் வராத கிழமை இல்லை. இதை விட்டால் எனக்கு வேறை வழி இல்லை."

"எங்களுக்கு?"

அவர் துரையிடமிருந்து வாங்கி வந்த கொப்பியை அவளிடம் நீட்டினார். "அளவு தொடர்ந்து எடுக்கவேணும். பெட்டிப் பூட்டின்ரை திறப்பைக் காவல்காரன் தருவான். முந்தி மாதிரியே எழுதுங்கோ. முப்பத்துமூண்டுக்கு மேலை போகவேண்டாம். கூடினால் ரெண்டு பேரும் போயிடுவம்." பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "கண்டதை எழுதச் சொல்லித்தானே சொன்னனான்" என்று முணுமுணுத்துவிட்டு மூன்று மணிக்கு முன் இறங்கிப் போனார். பிறகு அவர் பாறைக்காட்டுக்கு வரவே இல்லை. கொப்பி தபாலில் போனது.

லயம் ஓடைக்கு இறங்கத் தொடங்கியது. முதல் மாதம் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. இரண்டாம் மாதம் எல்லோருக்கும் சிரங்கு வந்தது. ஜீவராணியை யாரும் திட்டவில்லை. கொப்பி சரி, ஆலைக்காரன்தான் எப்படியோ கூடுதலாக இழுக்கிறான் என்று லயம் நம்பியது. அவள் பாவம் என்றுகூடச் சொன்னார்கள். அதுதான் அவளுக்குச் சகிக்கவில்லை. ஒரு நாள் படியில் கருப்பாயியிடம் சொன்னாள், "எல்லாருக்கும் சொல்லிறட்டுமாக்கா?"

"சொல்லி? காம்பராவ விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் எங்க போயி நிப்பீங்க? தண்ணியா வந்துரும்?" கருப்பாயி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "நாந்தானேடி போடச் சொன்னேன். வாய மூடிக்கிட்டு நட."

பங்குனிக் கடைசியில் கருப்பாயி விழுந்தாள். ஜீவராணி விழுந்த அதே வளைவு. இடுப்பு எலும்பு விட்டுப்போனது. கஹவத்தை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு முதுகெல்லாம் புண் வைத்தது, காய்ச்சல் இறங்கவில்லை. ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாள். வாசலில் பாயைப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் இருபதடி தள்ளிக் கொங்கிரீட் பெட்டி நேராகத் தெரியும்.

ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு ஜீவராணி அந்தப் பெட்டியைத் திறந்தாள். லயத்தில் அந்தத் தண்ணீரைத் தொடுகிற ஒரே கை அவளுடையது. உள்ளே குனிந்து, ஊற்றின் வாயில் வாளியைப் பிடித்து, விநாடியை எண்ணுவாள். நிறைந்ததும் வெளியே தூக்கிக் கோட்டைப் பார்ப்பாள். பிறகு பெட்டிக்குள்ளேயே திருப்பி ஊற்றுவாள். முதல் வாரம் பெண்கள் அந்த மூன்று வாளியைக் கேட்டு அடித்துப்பிடித்து வந்ததில் குழாய் ஒன்று உடைந்தது. அதற்குப் பிறகு துரை போட்ட சட்டம் அது. ஒரு குவளை வெளியே போனாலும் அவளுக்கும் வேலை இல்லை, காவல்காரனுக்கும் வேலை இல்லை. காவல்காரன் கீழ்க் கிராமத்துச் சிங்களவன், கெட்டவன் இல்லை; அவள் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனால் ஊற்றும்வரை போக மாட்டான்.

அன்றைக்கு முதல் வாளி நிறைந்தபோது பின்னால் ஆள் நிற்கும் அரவம் கேட்டது. கருப்பாயியின் நாத்தனார் புஷ்பம், கையில் கேத்தலோடு நின்றாள்.

"அண்ணி கேக்குதுங்க. ராவெல்லாம் பீலித் தண்ணி, பீலித் தண்ணின்னு ஒரே பொலம்பல். ஒரு கேத்தல் போதும்."

ஜீவராணி நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் கருப்பாயி தலையை மட்டும் தூக்கி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடைக்குப் போகிற பெண்கள் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டார்கள். காவல்காரன் எழுந்து வந்தான். கேத்தலைப் பார்த்தான், நின்றிருந்த குடங்களை எண்ணுகிறவன் போலப் பார்த்தான்.

"பே அக்கே" என்றான். முடியாது. "ஆபஹு தாண்ட." திருப்பி ஊற்று.

வாளி அவள் கையில் கனத்தது. இருபது லீட்டர், பளிங்கு மாதிரி. அதில் ஒரு பிடி. ஒரே ஒரு பிடி. கருப்பாயியாக இருந்தால் காவல்காரனையும் துரையையும் ஒரு நாக்கில் வெட்டிவிட்டு முழு வாளியையும் தூக்கிக்கொண்டு நடந்திருப்பாள். ஜீவராணி ராமச்சந்திரனை நினைத்தாள். காம்பராவை நினைத்தாள். சாமான் சட்டியோடு ரோட்டில் நிற்பதை நினைத்தாள். அவளுக்கு நூறு நியாயம் இருந்தது. நூறையும் அந்த வாசலைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

வாளியைப் பெட்டிக்குள் கவிழ்த்தாள்.

புஷ்பம் வெறும் கேத்தலோடு திரும்பிப் போனாள். வாசலில் தூக்கியிருந்த தலை மெல்லப் பாயில் இறங்கியது. ஜீவராணி இரண்டாவது வாளியைப் பிடித்தாள், ஊற்றினாள். மூன்றாவதைப் பிடித்தாள், ஊற்றினாள். எண்பத்தொரு விநாடி. பெட்டியைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு, கொப்பியை முழங்காலில் வைத்து, முப்பத்துமூன்று என்று எழுதினாள். எண்கள் அச்சடித்த மாதிரியே நின்றன.

கருப்பாயி மத்தியானத்துக்கு முன் போய்விட்டாள். மலையில் நின்ற ஜீவராணிக்குச் செய்தி வந்தபோது கொழுந்து நிறுக்கிற நேரமாகிவிட்டது. கை ஓடாமல் நின்றதில் அவள் சாக்கு இளைத்துக் கிடந்தது, பத்துக் கிலோகூடத் தேறாது. வரிசையில் முன்னால் நின்றவளும் பின்னால் நின்றவளும் தத்தம் சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் ஒரு பிடி போடவில்லை. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், பிறகு பேர்ப் புத்தகத்தைப் பார்த்தார்.

"தண்ணி அளக்குற ஆளா? ஒனக்கு நிறுவை தேவையில்ல" என்று சொல்லி, முழுப்பேர் போட்டார்.